பின்கதவு பச்சையாகவே இருந்தது

எங்கள் சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், என் தோள் உயரத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செங்கல் தெரிகிறது. பூசி மூடச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த ஓட்டையைப் போட்டவள் நான். அதனால் எங்கள் வீட்டு அலாரத்துக்கு என்னென்ன நடந்தது என்று எழுதிவிட்டுப் பூசலாம் என்று இருக்கிறேன்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வீதிக்குச் சற்று மேலே, தேயிலை மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் வீதி, பின்னால் மண் வெட்டிய சரிவு, அதற்கு மேல் தேயிலை. அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தம்பி கட்டாரில். 2019ஆம் ஆண்டு, சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் நேரம், அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் களவு போனது. இரவு பகலாக ஊருக்குள் வாகனம் வந்து போகும் காலம். யார் எவர் என்று யாரும் கேட்பதில்லை. தம்பி பயந்துபோய், லீவில் வந்தபோது அலாரம் போட்டுவிட்டுப் போனான். நடைக்கூடத்து அலுமாரிக்குள் ஒரு இரும்புப் பெட்டி, முன்கதவருகே எண்கள் அழுத்தும் கீபேட், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் காந்த சுவிட்ச், மூன்று இடத்தில் அசைவு சென்சர், கூரை ஓரத்தில் வெளிச் சைரன். எல்லாம் வயரில் ஓடுவது. போட்டவர் வேலையை ஒரே நாளில் முடித்தார். நான் அன்று பாடசாலையில். வயர் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் முதல் பிழை, அது எங்களுடையது.

2023 மே மாதம், வெசாக் லீவு. சட்டி பானை அடுக்க ஒரு ராக்கை வேண்டும் என்று அம்மா நெடுநாளாகச் சொன்னதால், ட்ரில்லை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். கவனமாகத்தான் இறங்கினேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சுவரில் கரண்ட் வயர் இருக்கிறதா என்று, தொடாமலே பார்க்கும் டெஸ்டர் பேனாவால் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். பீப் இல்லை. சரி, சுத்தமான சுவர் என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆள் செய்யக்கூடாத பிழை இது. அந்தப் பேனா மோப்பம் பிடிப்பது ஏசி ஓடும் வயரை மட்டும்தான், பாடப்புத்தக மொழியில் ஆடலோட்டம். அலாரம் வயரில் இருப்பது 12 வோல்ட் நேரோட்டம். பேனாவுக்கு அது தெரியவே தெரியாது. வெட்டியிருந்தது அலாரம் வயரானது என் அதிர்ஷ்டம். பேனாவுக்குத் தப்பிய 230 வோல்ட் வயராக இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் சொல்லியிருப்பார்கள்.

பிட் ஓர் அங்குலம் போயிருக்கும். கூரை ஓரத்துச் சைரன் அலறத் தொடங்கியது.

கீபேடில் கோட் அடித்தேன். நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். கரண்ட் போனது, சைரன் போகவில்லை. அம்மா அடுப்பை விட்டு வெளியே ஓடிவந்தார். கீழ்வீட்டு நாய் ஊளையிட்டது. மேல்வீட்டு மாமா, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் கவ்வாத்துக் கத்தியோடு படியிறங்கி வந்துவிட்டார். "எங்க பிள்ள, எங்க ஆளு?" என்று கேட்டவருக்கு நான் கையிலிருந்த ட்ரில்லைக் காட்டினேன். கால் மணி நேரம் அலறிவிட்டு அது தானாகவே ஓய்ந்தது.

ஏன் நிற்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வெளிச் சைரனுக்குள் அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. உள்ளேயுள்ள பெட்டியிலிருந்து 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும் வரை அது சும்மா இருக்கும். வயரை யாரோ வெட்டினால், அந்த 12 வோல்ட் நின்றுபோனால், தன் பேட்டரியில் அலறத் தொடங்கும். கள்ளன் வயரை வெட்டினால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எனவே மெயினை நிறுத்தியதில் ஒரு பயனும் இல்லை. உங்கள் வீட்டில் இந்த வகைச் சைரன் இருந்தால், பெட்டியைத் திறக்குமுன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

கீபேடில் மூன்று சென்சருக்கும் சிவப்பு விளக்கு. பின்கதவுக்கும் சிவப்பு. முன்கதவு மட்டும் பச்சை. நான் ஓட்டை போட்டது ஒரே இடத்தில். கூடத்துச் சென்சரும் நடைக்கூடத்துச் சென்சரும் அந்தப் பக்கமே இல்லை. அவை ஏன் சாக வேண்டும்?

அலாரம் போட்டவருக்குப் போன் எடுத்தேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன எத்தனையோ பேரில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. இலக்கம் வேலை செய்யவில்லை. அப்புறம் டவுனில் டிவியும் போனும் திருத்தும் தம்பி ஒருவனைப் பிடித்தேன். என்னிடம் தரம் பதினொன்றில் படித்தவன். அவன் போனிலேயே சிரித்தான்.

"டீச்சர், பெட்டிக்குள்ள சின்னதா ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும் பாருங்க. எல்லா சென்சருக்கும் கரண்ட் போறது அது வழியாத்தான். சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கிச்சின்னா அது போயிரும். வெளிச் சைரனும் அதுலதான் தொங்குது."

மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். இந்தப் பெட்டிக்குள் ஆபத்தான 230 வோல்ட் வருவது டிரான்ஸ்போமர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் எல்லாம் குறைந்த மின்னழுத்தம். 230 வோல்ட் பக்கத்தை நான் இன்றுவரை தொட்டதில்லை, தெரியாத யாரும் தொடக்கூடாது. ஃபியூஸ் 20 மில்லிமீற்றர் நீளம், 1 அம்பியர். உள்ளே கம்பி இல்லை, கறுத்திருந்தது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "சிகரெட் பெட்டி வெள்ளித்தாள சுத்திப் போடு பிள்ள, நாங்க அந்தக் காலத்துல அப்படித்தான்" என்றார். தோட்டத்து லய வீடுகளில் அப்படிச் செய்து தீப்பிடித்த கதைகளையும் இதே மாமாதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். கும்பிட்டுவிட்டு டவுனுக்குப் போய் ஐந்து ஃபியூஸ் வாங்கி வந்தேன்.

ஒன்றைப் போட்டேன். எரிந்தது. போட்டது பிழையாக்கும் என்று இன்னொன்றைப் போட்டேன். அதுவும் எரிந்தது. "டீச்சர், மாத்துறதுக்கு முந்தி எதுக்கு எரிஞ்சிச்சின்னு பாக்கணும்ங்க" என்றான் டிவி திருத்தும் தம்பி. வகுப்பில் நான் சொல்ல வேண்டிய வாக்கியம்.

சரி, மல்டிமீட்டரை எடுத்தேன். சென்சர்களுக்குப் போகும் சிவப்புக் கம்பிகள் எல்லாம் பெட்டியில் ஒரே முனையத்தில் முறுக்கப்பட்டிருந்தன, கறுப்புகள் இன்னொன்றில். ஒரு வயரிலும் பெயர் எழுதவில்லை. கொப்பி ஒற்றையைக் கிழித்துத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் கழற்றும்போதே ஒட்டினேன். கழற்றிய சோடிகளுக்கு இடையே ஓம் அளந்தேன். இரண்டு சோடிகள் ஆயிரக்கணக்கில் காட்டின. ஒரு சோடி 1 ஓமுக்குக் கொஞ்சம் மேல். அதுதான் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வயரை வெளியே விட்டுவிட்டு ஃபியூஸைப் போட்டால் மற்ற இரண்டு சென்சரும் உயிர் பெற்றன. வீடு முழுக்கச் செத்த மாதிரித் தெரிந்த கோளாறு ஒரே வயருக்குள் சுருங்கிவிட்டது. இந்த முறை எந்த வயர் வேலைக்கும் பொருந்தும்: எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதை மாட்டும்போது கெடுகிறதோ அதில்தான் வியாதி.

சுவரை உளியால் கொத்திப் பார்த்தபோது ஆறு கம்பிகள் கொண்ட மெல்லிய வயர். சுவிட்சுக்கு நேராக மேலிருந்து கீழாகவோ, தரைக்கு இணையாகவோ போயிருந்தால் ஊகித்திருக்கலாம். இது வயரை மிச்சம் பிடிக்கக் குறுக்காக, மூலைக்கு மூலை போயிருந்தது. ஆறு கம்பியில் இரண்டு சாமான் அறைச் சென்சருக்குக் கரண்ட், இரண்டு அதே சென்சரின் செய்தி, மிச்சம் இரண்டு பின்கதவுக் காந்த சுவிட்சுக்கு. ஒரே வயரில் இரண்டு வேலை. ட்ரில் பிட் எல்லாவற்றையும் கடித்துச் சுருட்டியிருந்தது.

நிறம் பார்த்து ஆறையும் முறுக்கி, டேப் சுற்றி, ஓட்டைக்குள் திணித்தேன். ஃபியூஸ் போட்டேன். நின்றது. கீபேடில் ஐந்தும் பச்சை. அலாரத்தை ஆன் பண்ணினேன், மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அம்மா எனக்கென்று ரொட்டி சுட்டார். தம்பிக்கு கட்டாருக்குப் படம் அனுப்பினேன். பெரிய எஞ்சினியர் மாதிரித் தூங்கினேன்.

ஒன்பது நாள் கழித்து, விடியக்காலை ஐந்து மணி. அம்மா கோழிக்குப் போட எழும்பியவர், அலாரத்தை நிறுத்த மறந்து பின்கதவைத் திறந்துவிட்டார். வெளியே போய், கோழிக்குப் போட்டு, முகம் கழுவி, உள்ளே வந்து தேத்தண்ணி வைத்த பிறகுதான் நினைவு வந்து என்னை எழுப்பினார். "என்னாடி இது, கதவத் தொறந்தேன், ஒண்ணும் கத்தலயே?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கீபேடில் பின்கதவு பச்சை. கதவு அகலத் திறந்து கிடக்கிறது, பனி உள்ளே வருகிறது, அப்போதும் பச்சை. ஒன்பது இரவுகளாக நாங்கள் இரண்டு பெண்கள் அந்தப் பச்சையை நம்பிப் படுத்திருக்கிறோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்டுபிடித்ததிலேயே முக்கியமானது இதுதான். கதவுக் காந்த சுவிட்ச் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவு சாத்தியிருக்கும்போது கதவிலுள்ள காந்தம் அவற்றை இழுத்து ஒட்டவைக்கும், சுற்று மூடியிருக்கும். கதவைத் திறந்தால் தகடுகள் பிரியும், சுற்று திறக்கும், பெட்டிக்குத் தெரியும். வயரை வெட்டினாலும் சுற்று திறக்கும், அதுவும் தெரியும். ஆனால் இரண்டு கம்பியும் வழியில் எங்காவது ஒட்டிக்கொண்டால்? கதவு என்ன செய்தாலும் சுற்று மூடியே இருக்கும்.

அதற்குத்தான் வயரின் கடைசி முனையில் ஒரு தடையி வைக்கிறார்கள், கடைப் பேச்சில் ரெசிஸ்டர். எங்கள் பெட்டிக்கு அது 2,200 ஓம். கம்பனிக்குக் கம்பனி அளவு மாறும். பெட்டி எப்போதும் அந்த 2,200ஐத் தேடிக்கொண்டே இருக்கும். 2,200 தெரிந்தால் எல்லாம் நலம். எல்லையில்லாத தடை தெரிந்தால் கதவு திறந்திருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்டத் தெரிந்தால் வழியில் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை: தடையி கதவடியில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து தடையியும் பெட்டிக்குள்ளேயே, முனையங்களில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஏணி ஏறி ஒவ்வொரு கதவிலும் மாட்டுவதைவிட அது சுலபம். அப்படி வைத்தால் வழியில் எங்கே கம்பி ஒட்டினாலும் பெட்டி பார்ப்பது தன் பக்கத்திலேயே இருக்கும் அந்த 2,200ஐத்தான். காவல்காரனைத் தோட்டத்து எல்லையில் நிறுத்தாமல் நம் வீட்டு இஸ்தோப்பிலேயே உட்கார வைத்துவிட்டு, "எல்லை எப்படி?" என்று கேட்பது மாதிரி. "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்லுவான்.

நான் முறுக்கிய ஆறு முடிச்சுகளும் ஓட்டைக்குள் ஒரே இடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தன. திணித்தபோது டேப் நழுவி, பின்கதவின் இரண்டு முடிச்சும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. முடிச்சுகளை ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால் டேப் கழன்றாலும் ஒட்டாது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டியில் பின்கதவுக் கம்பிகளைக் கழற்றி மீட்டரை வைத்தேன். கதவு மூடியபோது 1.2 ஓம், திறந்தபோதும் 1.2. மீட்டர் கம்பிகளையே ஒன்றோடொன்று தொட்டால் 0.3 காட்டியது, அதைக் கழித்தால் 0.9. இந்த வகை மெல்லிய அலாரம் வயரில் ஒரு கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.08 ஓம். போய் வருவது இரண்டு கம்பி. ஆக ஒட்டிய இடம் பெட்டியிலிருந்து ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் கிட்ட. நாடா பிடித்து அளந்தேன்: என் ஓட்டைக்கு ஆறு மீற்றர். மலிவு மீட்டரில் இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு சுத்தமாக வராது என்றாலும், ஓமின் விதியை இருபது வருஷம் கரும்பலகையில் எழுதியவளுக்கு அது ஒரு தனி சந்தோஷம். வெட்கமும் கூடவே இருந்தது.

மறுபடி கொத்தி, முடிச்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, தனித்தனியாக டேப் சுற்றினேன். இந்தத் தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அம்மாவையும் பார்க்கவைத்தேன்.

அதோடு முடிந்திருக்கும், ஜூன் மழை வராவிட்டால். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டுவது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் பின்சுவர் சரிவை ஒட்டி நிற்பதால் மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். ஒரு நாள் அதிகாலை 3:10க்கு அலாரம். ஓடிப் பார்த்தோம், யாரும் இல்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி. மேல்வீட்டு மாமா முதல் தடவை கத்தியோடு வந்தார். இரண்டாம் தடவை ஜன்னலைத் திறந்து "என்ன பிள்ள?" என்று கேட்டார். மூன்றாம் தடவை அவர் வீட்டில் விளக்கே எரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய நட்டமாகப் பட்டது. 119க்கு அடித்தாலும் பொலிஸ் வந்து சேரும்வரை நமக்கு இருப்பது அடுத்த வீடுதான். பொய்யாகக் கத்தும் அலாரம் அந்த அடுத்த வீட்டைத் தூங்கவைத்துவிடும்.

பெட்டியின் நினைவுப் பதிவைக் கீபேடில் பார்க்கலாம் என்று டிவி திருத்தும் தம்பி சொன்னான். மூன்று தடவையும் ஒரே இடம்: சாமான் அறைச் சென்சர். பல்லி என்று நினைத்தேன். சென்சர் கண்ணாடியில் பல்லி ஊர்ந்தால், பூச்சி கூடு கட்டினால், இப்படி நடக்கும்தான். துடைத்தேன், வயர் நுழையும் ஓட்டையைப் பஞ்சால் அடைத்தேன். நான்காம் தடவையும் கத்தியது. அன்றும் மழை. மழை பெய்யாத இரவு எதிலும் அது கத்தவில்லை என்பதை அம்மாதான் கவனித்துச் சொன்னார். "மழக் குளிர்ல அதுக்குக் காய்ச்ச வருது போல."

சென்சர் மூடியைத் திறந்து அங்கேயே வோல்ட் அளந்தேன். பெட்டியில் 13.6. சென்சரில் 8க்கும் 11க்கும் இடையே ஆடியது. குறைந்தது 9 வேண்டும் என்று மூடியின் உட்பக்கத்தில் அச்சடித்திருந்தது. கரண்ட் குறையும்போது சென்சரின் உள் சுவிட்ச் விழும். யாரோ நடந்த மாதிரியே பெட்டிக்குத் தெரியும். வழியில் விழுங்கியது என் முடிச்சு. ஓட்டைக்குள்ளிருந்து முடிச்சை வெளியே இழுத்தபோது சிவப்புக் கம்பி பச்சை பூத்து, பாதி தின்னப்பட்டு நின்றது. ஈரமும் நேரோட்டமும் சேர்ந்தால் நேர்முனைச் செம்பு கரைந்துபோகும். மின்பகுப்பு என்று இதையும் நான்தான் படிப்பிக்கிறேன், தாமிர சல்பேற்றுக் கரைசலில்.

மூன்றாம் தடவை கொத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி திருத்தும் தம்பியை வரச் சொன்னேன். சுவருக்குள் மூட்டே இருக்கக் கூடாது என்றான்; தவிர்க்கவே முடியாவிட்டால் பற்றவைத்து, கையெட்டும் இடத்தில் மூடியுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். பழைய வயரைச் சுவரிலேயே சாகவிட்டு, சீலிங் ஓரமாக வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் அடித்து, எட்டுக் கம்பி வயர் ஒன்றை ஒரே இழுப்பாக இழுத்தோம். அழகு போதாது. ஆனால் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, இனி யாரும் அதில் ட்ரில் பிடிக்கமாட்டார்கள். கூடுதல் இரண்டு கம்பி சென்சர் மூடியைக் காக்க, யாராவது திறந்தால் சொல்ல. முன்பு அது இணைக்கப்படவே இல்லை. தடையிகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, கதவு சுவிட்ச் அடியிலும் சென்சர்களுக்குள்ளேயும் கொண்டுபோய் வைத்தான். பிறகு, பின்கதவுக் கம்பி இரண்டையும் ஸ்குரூ டிரைவரால் வேண்டுமென்றே ஒட்டிக்காட்டினான். கீபேடில் கோளாறு விளக்கு உடனே எரிந்தது. "இப்பத்தான் டீச்சர் இது அலாரம்" என்றான். தேத்தண்ணி குடித்தான், காசை அம்மா வற்புறுத்திச் சட்டைப் பையில் திணிக்க வேண்டியிருந்தது.

போகுமுன், கரண்ட் போனால் பெட்டியை ஓட்டும் பேட்டரியைச் சும்மா தட்டிப் பார்த்தான். 12 வோல்ட், 7 அம்பியர் மணி, பெட்டியோடு வந்தது. நான் அதையும் அளந்திருந்தேன், 13.5 இருந்தது, நல்லது என்று எழுதியும் வைத்திருந்தேன். "அது பேட்டரி இல்லீங்க டீச்சர், சார்ஜரோட கணக்கு" என்று மெயினை நிறுத்தினான். பத்தே நிமிடத்தில் 10க்குக் கீழே விழுந்தது. 2022இல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது நாளுக்கு நாள் அடிமட்டம் வரை வடிந்து செத்திருக்க வேண்டும். ஈய அமில பேட்டரிக்கு அது ஆகாது. நன்றாக வைத்திருந்தாலே மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக, கரண்ட் போன நேரமெல்லாம் எங்களுக்கு அலாரம் இல்லாத நேரம். அதையும் பச்சை விளக்கு சொல்லவில்லை.

அலாரம் கத்தினால் தம்பிக்கு கட்டாருக்குத் தானாகப் போன் எடுக்க வேண்டிய டயலரும் அப்படியே. அந்த நாலு அதிகாலை அலாரத்திலும் அவனுக்கு ஒரு அழைப்பும் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே நேரம் இரண்டரை மணி பின்னால், நம் 3:10க்கு அங்கே 12:40, போன் அடித்து எழும்பியிருக்க வேண்டும் அவன். டயலருக்குள் இருந்த சிம்முக்கு யாரும் ரீலோட் போடவில்லை, எப்போதோ வெட்டிவிட்டார்கள். இப்போது என் போன் சிம்முக்குப் போடும்போதெல்லாம் அதற்கும் சேர்த்துப் போடுகிறேன்.

எஞ்சினியர் கோட் என்று ஒன்று இருக்கிறது, பெட்டியின் உள் அமைப்புகளை மாற்ற. போட்டவர் போகும்போது அதை வாங்கி எழுதிவைக்காதவர்கள் இன்றைக்கே போன் எடுத்து வாங்குங்கள். எங்களுக்கு அது கிடைக்காமல், டிவி திருத்தும் தம்பி பெட்டியைப் பழைய ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியதாகிவிட்டது. பாதி நாள் அதற்கே போனது.

இப்போது ஒவ்வொரு பௌர்ணமி போயா லீவிலும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. மாமாவிடம் சொல்லிவிட்டு அலாரத்தை ஆன் பண்ணுவேன். அம்மா கதவு கதவாகத் திறப்பார், சாமான் அறைக்குள் நடப்பார். நான் கீபேடில் நின்று இலக்கம் சொல்லுவேன். கடைசியில் மெயினை நிறுத்தி, பேட்டரியிலேயே சைரனை ஒரு நிமிடம் கத்தவிட்டு, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று கொப்பியில் குறிப்பேன். கதவு திறந்தும் இலக்கம் வராவிட்டால் அம்மா விடமாட்டார், வரும்வரை திறந்து திறந்து மூடுவார்.

ராக்கை இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதை மாட்டும்படி அம்மா கேட்பதில்லை.